துணியில்லாத தையல்

தையல்காரர் துணி வைக்காமலே மெஷினை மிதித்துக்கொண்டிருக்கிறார். ஊசியில் நூலும் இல்லை. கடை வாசலில் பிற்பகல் வெயில் சுள்ளென்று காய்கிறது. மெஷின்மேல் சாய்த்து வைத்த செல்போனில் ஓர் இருட்டறையும் அவர் மனைவியின் நெற்றியும் தெரிகின்றன. சம்பள வேலையை விட்டுவிட்டு, போர் நடக்கும் நாட்டின் ஆஸ்பத்திரிக்குத் தொண்டு செய்யப் போன நர்ஸ் அவள். “இன்னிக்கு வந்ததெல்லாம் குழந்தைங்கதாங்க. கண்ணை மூடினா அதுங்க முகமா வருது. நீங்க ஒண்ணும் பேச வேணாம், மெஷினை மட்டும் ஓட்டுங்க. நம்ம வீட்டுல படுத்திருக்கற மாதிரி இருக்கும்” என்று சற்றுமுன் சொன்னாள். அன்று பெட்டியைத் தூக்கிக்கொடுத்து “போயிட்டு வா” என்றவர் இவர்தான். இப்போது “வந்துடு” என்று சொல்ல நினைக்கிறார்; சொல்லாமல் மிதிக்கிறார். தைத்த சட்டையை வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரி, “என்னண்ணே, காத்தைத் தைக்கிறீங்களா?” என்று சிரிக்கிறாள். அவர் உதட்டில் விரல் வைக்கிறார். அந்த நேரம் பார்த்துப் போனுக்குள் டமாரென்று ஒரு வெடி. படம் குலுங்கிக் கறுத்துப்போகிறது. அவர் கால் நின்றுவிடுகிறது. வந்தவளின் சிரிப்பும் நின்றுவிடுகிறது. கறுத்த திரைக்குள் கண்ணாடி நொறுங்கி விழும் சத்தம் கேட்கிறது, யாரோ இருமுகிறார்கள். பிறகு மனைவியின் குரல், அசதி மாறாமல் வருகிறது. “ஒண்ணுமில்லங்க, பக்கத்துத் தெருவுலதான். ஏன் நிறுத்திட்டீங்க?” அவர் மறுபடியும் மிதியை அழுத்துகிறார்.