ஒண்ணுன்னா முதல் ரேங்க்

படங்களுக்கு மக்கள் போடும் மதிப்பெண்ணைக் கூட்டிச் சராசரி சொல்லும் இணையதளத்தில் எனக்கு வேலை. அங்கே எல்லா ஓட்டும் சமமில்லை. ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை உண்டு.

"பெரிய இடத்துப் படம். பத்துக்கு ஒண்ணு போட்டவங்க எடையெல்லாம் பூஜ்ஜியமாக்கிடு," என்றார் மேனேஜர்.

"அவங்களும் படம் பார்த்தவங்கதானே சார்?"

"நியாயம் பேச வேற ஆள் இருக்காங்கம்மா."

பல்லைக் கடித்துக்கொண்டு பூஜ்ஜியமாக்கினேன்.

வீட்டில் அம்மா பூரித்துப் போயிருந்தாள். "நானும் போன்ல ஓட்டுப் போட்டேன்டி. அந்தப் புதுப் படத்துக்கு ஒண்ணு."

"அவ்வளவு மோசமா?"

"யாருடி மோசம்னு சொன்னா? ஒண்ணுன்னா முதல் ரேங்க். நீ வாங்கிட்டு வருவியே!"

சிரித்துக்கொண்டே சோபாவில் உட்கார்ந்தாள். மெத்தை அமுங்கவில்லை.

மறுநாள் முதல் வேலையாக அம்மாவின் கணக்கைத் தேடி எடையைப் பழையபடி மாற்றினேன். அது பூஜ்ஜியத்துக்கே திரும்பியது. எத்தனை முறை மாற்றியும் திரும்பியது.

மாலையில் கதவைத் திறந்ததும் அம்மா கத்தினாள். "சீக்கிரம் சாத்துடி, காத்து இழுக்குது."

இரண்டு கையாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தாள். அவளுடைய செருப்பு மட்டும் தரையில் இருந்தது.