இரண்டாவது ஊசி

"யாரு மாத்திரை கொடுத்தது?"

டாக்டர் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது.

கட்டிலில் தம்பி மல்லாந்து கிடந்தான்; ஒரு பக்கம் அக்கா, மறுபக்கம் பெண்டாட்டி. முதுகெலும்பில் சீழ். ஊசி விட்டு எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பியும் கிருமி வளரவில்லை.

"நாங்க இன்னும் மருந்தே ஆரம்பிக்கலை. வெளியிலேர்ந்து ஏதோ ஆன்டிபயாடிக் உள்ளே போயிருக்கு, கிருமி பதுங்கிடுச்சு. எந்தக் கிருமின்னு தெரியாம மருந்து கொடுக்கிறது, கண்ணைக் கட்டிக்கிட்டுக் கல்லெறியற மாதிரி. இனி காத்திருந்து மறுபடியும் ஊசி விடணும். எலும்பு அரிச்சுப் போயிருக்கு, அசைஞ்சா காலே விளங்காது. சொல்லுங்க, யாரு?"

"நான்தான் டாக்டர்" என்றாள் தம்பி பெண்டாட்டி.

டாக்டர் அவளை வறுத்தெடுத்துவிட்டுப் போனார். மிச்சத்தை அக்கா பார்த்துக்கொண்டாள்.

"அடிப்பாவி! தாயில்லாப் பிள்ளைன்னு இடுப்பை விட்டு இறக்காம வளர்த்தேன். நீ அவன் இடுப்பையே ஒடிக்கப் பார்த்தியே! பெரிய டாக்டரம்மா, வைத்தியம் பார்த்தாளாம்!"

"அண்ணி, மெதுவா..."

"எதுக்கு மெதுவா? நாலு பேர் கேட்கட்டும்!"

பக்கத்துக் கட்டிலுக்குத் துணையிருந்தவள் கூட உச்சுக் கொட்டினாள்.

ஃபிளாஸ்க் கழுவக் குழாயடிக்கு வந்தபோதும் அக்காவுக்கு ஆறவில்லை. "அப்படி என்ன அமிர்தத்தைடி கொடுத்தே?"

தம்பி பெண்டாட்டி சுற்றுமுற்றும் பார்த்தாள். இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டையைப் பிரித்து, ஒரு மாத்திரை அட்டையை நீட்டினாள். ஒன்றுதான் மிச்சம். பாதி சிவப்பு, பாதி மஞ்சள்.

"இது... என் பல்லுக்குக் கொடுத்ததாச்சே! எனக்கு ரெண்டே நாள்ல வலி நின்னுச்சு, அவனும் துடிக்கிறானேன்னு தேன்ல கலந்து..." அக்கா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பல்லு மாத்திரை முதுகை என்னடி பண்ணும்?"

"அதுவும் ஆன்டிபயாடிக்தான் அண்ணி. தலையணைக்கு அடியில கிடந்துச்சு."

குழாய்த் தண்ணீரில் ஃபிளாஸ்க் நிரம்பி வழிந்தது. மூட வேண்டும் என்று அக்காவுக்குத் தோன்றவில்லை.

"அங்கேயே என் பேரைச் சொல்ல வேண்டியதுதானே? இவ்வளவு ஏச்சையும் வாங்கிக்கிட்டு நின்னியே..."

தம்பி பெண்டாட்டி குழாயை மூடினாள்.

"சொல்லியிருந்தா நீங்க அழுதிருப்பீங்க. நீங்க அழுதா அவர் எழுந்து உட்கார்ந்துடுவார் அண்ணி. அவர் அசையக் கூடாதே."