வாடை இல்லாத மருந்து

“தண்ணி மேடம்! வெறும் பச்சைத் தண்ணி!”

பூச்சிமருந்து கம்பெனி சூப்பர்வைசர் கேனைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுக் கத்தினார். மருந்தடிக்க வந்தவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

“மாசா மாசம் இந்த வீட்லேர்ந்து மட்டும் எறும்பு எறும்புன்னு போன் வருதேன்னுதான் இன்னைக்குப் பின்னாடியே வந்தேன். மருந்தை வெளியில வித்துட்டு உங்களை நல்லா ஏமாத்தியிருக்கான். இன்னையோட இவன் சீட்டைக் கிழிச்சிடறேன்.”

அந்த வீட்டு அம்மாள் குறுக்கே வந்து நின்றாள். யார் யாரை ஏமாற்றியது என்று அவளுக்கல்லவா தெரியும்!

கணவர் போனபிறகு வீட்டில் பேச்சுத்துணைக்கு ஈ, காக்கை கிடையாது. மகள் போனில் ‘சாப்பிட்டியா?’ என்பாள், பதில் வருவதற்குள் வைத்துவிடுவாள். ஒருநாள் சமையலறையில் கொஞ்சம் சர்க்கரை சிந்தியது. எறும்பு வந்தது. எறும்பைப் பிடிக்கப் பல்லி வந்தது. எறும்பை ஒழிக்க இவன் வந்தான். வந்தவன் அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தான்.

அதற்குப்பிறகு சர்க்கரை தானாகச் சிந்தவில்லை.

“அவனை விட்டுடுங்க சார். அடுப்புக்குப் பின்னால சர்க்கரை தூவறதே நான்தான். மருந்து வாடை ஆகாது, தண்ணியே அடின்னு சொன்னதும் நான்தான்.”

முதல் பாதி நிஜம். மறுபாதி அப்போது வாயில் வந்த பொய்.

“சர்க்கரையா? எதுக்கு மேடம்?”

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் சொன்னாள்.

“எறும்பு வந்தாத்தானே சார், இங்கே ஒரு ஆள் வரும்?”

சூப்பர்வைசர் கேனை மூடி வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வண்டிக்குப் போய்விட்டார்.

“நீ ஏம்ப்பா தண்ணி அடிச்சே?”

“ரெண்டாந்தடவை வந்தப்பவே சர்க்கரையைப் பார்த்துட்டேம்மா. மருந்தடிச்சா எறும்பு செத்துடும், அதைத் தின்னா பல்லியும் போயிடும். அப்புறம் என்னையும் கூப்பிட மாட்டீங்க.”

அவளுக்குக் கண் கலங்கியது. “எனக்காகவா உன் பொழப்பையே பணயம் வெச்சே?”

“உங்களுக்காக மட்டும் இல்லம்மா. நான் கேனோட நுழைஞ்சா, எல்லா வீட்லயும் பூச்சிக்கு முன்னாடி மனுஷங்கதான் வெளியே ஓடுவாங்க. நிஜ மருந்தடிச்சா நீங்களும் ஓடித்தானே ஆகணும்? அப்புறம் நான் யார்கூடப் பேசறது?”