சொல்லிக்கொடுத்தபடி

டாக்டர் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டுப் பையனையே பார்த்தார். சுவரோரம் சாய்ந்திருந்த கார்குழலி சட்டென்று நிமிர்ந்தாள்.

அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போயிருந்தது. நன்றாக என்றால், மோசமாக.

பந்தைக் கொடுத்தார்கள், பையன் செம்மல் வாங்கவில்லை. இது என்ன நிறம் என்றார்கள், மின்விசிறியைப் பார்த்தான். சட்டைப் பொத்தானைப் போடச் சொன்னார்கள், சட்டையையே கழற்றப் பார்த்தான். டாக்டர் எழுத எழுத, கார்குழலி மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொண்டாள்.

சிறப்புக் குழந்தைகளின் குடும்பங்களுக்கு உதவும் அமைப்பு ஒன்றில் அவள் வேலை பார்க்கிறாள். மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்காக இந்த மருத்துவமனைக்கு வரும் ஒவ்வொரு தாயையும் முதல்நாளே உட்காரவைத்துப் பாடம் நடத்திவிடுவாள். சின்னப் பாடம்தான். நாளைக்கு ஒருநாள் உங்கள் பிள்ளை கெட்டிக்காரனாக இருக்க வேண்டாம்.

பொய் சொல்லச் சொல்லமாட்டாள். எடுத்துக் கொடுக்காதீர்கள், ஜாடை காட்டாதீர்கள், பவுடர் பூசிக் கல்யாணத்துக்கு வருகிற மாதிரி கூட்டி வராதீர்கள் என்பாள். கடைசியாகக் குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொல்வாள். அப்படியும் ஏதாவது செய்து காட்டிவிடுவான் போலிருந்தால், சட்டென்று வாயில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்துவிடுங்கள்.

பட்டுத் தெரிந்துகொண்டதுதான் இது. தவளக்குப்பத்து அரிகிருஷ்ணன் மகளுக்குப் பட்டுப்பாவாடை கட்டி அழைத்து வந்து, பெருமை தாங்காமல் டாக்டர் முன்னால் பாடச் சொன்னார். அதற்குத் தெரிந்த ஒரே பாட்டு. அதுவும் பாடித் தொலைத்தது. குறைபாடு சொற்பம் என்று எழுதிவிட்டார்கள். அதை மாற்ற அமைப்பின் வக்கீல் மிக்கேல் இன்னமும் அலைந்துகொண்டிருக்கிறார்.

செம்மலுக்கு அப்படி ஆகக்கூடாது. பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று பள்ளிக்கூடம் அவனைத் திருப்பி அனுப்பிவிட்டது. குறைபாடு அதிகம் என்று சான்றிதழ் வந்தால், கூடவே ஒரு துணையாளைப் போடச் சொல்லி மிக்கேல் சட்டப்படி கேட்டு வாங்கிவிடுவார். வராவிட்டால், அம்மா மீன் விற்கப் போகிற நேரமெல்லாம் பையன் பழையபடி வீட்டுக்குள் பூட்டிக் கிடக்க வேண்டியதுதான்.

அம்மா, வைத்திக்குப்பம் தாமரைச்செல்வி. மேடம் சொன்னால் சரி என்கிற ரகம். எதிர்க்கேள்வியே கிடையாது. வியாபாரத்துக்குக் கட்டுகிற சேலையிலேயே வரச் சொன்னதற்கு அப்படியே வந்திருந்தாள். உள்ளங்கையில் பிஸ்கட்டும் தயாராக இருந்தது.

டாக்டர் அவளைக் கை காட்டினார்.

"தம்பி, இது யாரு?"

செம்மல் மின்விசிறியிலிருந்து கண்ணை எடுத்தான். அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தான். அவன் வாய் திறந்தது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. பிறகு உதடுகள் ஒட்டின.

போச்சு, சொல்லிவிடப் போகிறான் என்று நினைத்தாள் கார்குழலி.

தாமரைச்செல்வியோ அசையாமல் நின்றாள். வாயைப் பிளந்துகொண்டு மகனையே பார்த்தாளே தவிர, கை நகரவில்லை. அவ்வளவு படித்துப் படித்துச் சொல்லியும் மறந்துவிட்டாளே என்று கார்குழலிக்கு ஆத்திரம் வந்தது. தொண்டையைச் செருமினாள்.

தாமரைச்செல்வி திடுக்கிட்டுத் திரும்பினாள். கார்குழலி லேசாகத் தலையசைத்தாள்.

பிஸ்கட் பையனின் வாய்க்குள் போனது.

அவன் மெல்ல ஆரம்பித்தான். கண் மறுபடி மின்விசிறிக்குப் போய்விட்டது. டாக்டர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு பேனாவை எடுத்து எழுதினார். வெளியே இருங்கள், கையெழுத்தானதும் கூப்பிடுகிறோம் என்றார்.

வராந்தாவுக்கு வந்தார்கள். கடைசியில் கொஞ்சம் தடுமாறினாலும் பிரமாதமாகச் செய்துவிட்டாய் என்று தாமரைச்செல்வியின் முதுகைத் தட்டிக் கொடுத்தாள் கார்குழலி. மிக்கேலுக்குப் போன் போட்டு, மனுவை எழுத ஆரம்பிக்கலாம் என்றாள். பள்ளிக்கூடம் இனி எப்படித் தட்டிக்கழிக்கிறது பார்ப்போம் என்று அவர் சிரித்தார். இவளும் சிரித்தாள்.

தாமரைச்செல்வி எதையும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. தரையில் குந்தி, மகனின் தாடையைப் பிடித்துக்கொண்டு, அவனிடம் ஏதோ கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவன் நழுவிக்கொண்டே இருந்தான். கடைசியில் எழுந்து வந்தாள். கேட்கலாமா கூடாதா என்று தயங்கினாள்.

"அந்த டாக்டர இன்னொரு வாட்டி கேக்கச் சொல்லலாமா மேடம்? ஊட்டுல நான் எத்தினி வாட்டி கேட்டாலும் வாயத் தொறக்கமாட்டான். பொறந்ததிலேருந்து அவன் என்னய அம்மான்னு கூப்பிட்டதே இல்ல."



நாலைந்து வார்த்தை பேசுவான் என்று முதல்நாள் தாமரைச்செல்வி சொல்லியிருந்தாள். என்னென்ன வார்த்தை என்று கார்குழலி கேட்கவில்லை. நாலு வார்த்தை பேசுகிற பிள்ளை அந்த ஒன்றைப் பேசாமலா இருப்பான் என்று இருந்துவிட்டாள். எத்தனை தாய்மார்களைப் பார்த்திருக்கிறாள், இதைக் கேட்கத் தோன்றவில்லையே.

கதவைப் பார்த்தாள். இன்னும் கையெழுத்தாகவில்லை. இப்போது உள்ளே போனால் டாக்டர் கேட்பார், மாட்டேன் என்று சொல்லமாட்டார். பையன் சொல்லிவிட்டால் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதுவார். சொல்லாமலே போனாலும் போவான்.

தாமரைச்செல்வி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் பின்பக்கமாகக் கிளம்பிப் போய்விட்டார் என்றாள் கார்குழலி.

உள்ளே அவர் அடுத்த குழந்தையிடம் பேசிக்கொண்டிருந்தது வராந்தா வரைக்கும் கேட்டது. தாமரைச்செல்விக்கும் கேட்டிருக்கும்.

ஆனாலும் மேடம் சொன்னதையே நம்பினாள்.