வறட்டு இருமல்

“ஆஸ்பத்திரிக்கு நானும் வரட்டுமா மெரின்?” என்று மழைக்காலத்தில் ஒருநாள் யூஜின் கேட்டான்.

“வேணாங்க. நைட் டூட்டி பாத்துட்டு வந்திருக்கீங்க, படுங்க. சாதா இருமல்தான்” என்றாள் மனைவி.

வெயில் காலம் வந்தும் அந்த இருமல் விடவில்லை. கம்பெனியிலிருந்து ரெட்டியார்பாளையம் வீட்டுக்கு வந்ததும் செல்போனோடு சோபாவில் சாய்வான் யூஜின். அறைக்குள் மெரின் இருமத் தொடங்குவாள். அலுப்போடு எழுந்து வெந்நீர் வைத்துக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிவிடுவான். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் அடங்கிவிடும்.

இன்று அவள் இருமியதும் நேராகப் போய் அவளுடைய மாத்திரை டப்பாவை எடுத்தான்.

“மருந்துக்கடையில விசாரிச்சேன். சில பிரஷர் மாத்திரையால வறட்டு இருமல் வருமாம். இனிமே இத நீ தொடவே கூடாது” என்று குப்பைக்கூடையைத் திறந்தான்.

மெரின் ஓடிவந்து அவன் கையைப் பிடித்தாள். “ஐயோ, டாக்டர கேக்காம நிறுத்தினா பிரஷர் ஏறிடுங்க! இது வேற மாத்திரை. இருமல்னு சொன்னதும் அவங்க அப்பவே மாத்திக் குடுத்துட்டாங்க. கொஞ்ச நாள்ல நின்னுடுச்சு.”

“நின்னுடுச்சா? அப்ப இத்தினி நாளா இருமினது யாரு, பக்கத்து வீட்டுக்காரியா?”

மெரின் தலையைக் குனிந்துகொண்டாள்.

“இருமினாத்தான நீங்க போன வெச்சிட்டு எழுந்து வர்றீங்க? எனக்கும் இருமி இருமி அலுத்துப்போச்சுங்க. இனிமே நான் இருமாட்டியும், கொஞ்ச நேரம் பக்கத்துல வந்து உக்காருங்களேன்.”