கையே வைக்க வேண்டாம்

நன்னீர் மீன்களைத் தானம் செய்துவிட்டு, வீட்டுக் கூடத்தில் இருந்த நாலடி உயரத் தொட்டியை உப்புநீரும் பவளமுமாக மாற்றினார் மேலாளர். சுண்டுவிரல் நீளத்தில் இரண்டே மீன்கள்.

"இனிமே கையே வைக்க வேண்டாம். தன்னைத்தானே பார்த்துக்கும்," என்று வருவோரிடமெல்லாம் அளந்தார்.

"பாசி பிடிச்சா நான் துடைக்க மாட்டேன், சொல்லிட்டேன்," என்றாள் மனைவி.

பாசி பிடித்தது. ஆனால் ஒருநாள் காலையில் கண்ணாடியின் அடியில் ஒரு சாண் மட்டும் பளிச்சென்றிருந்தது. மனைவி இறங்கிவந்துவிட்டாள் என்று மீசையைத் தடவிக்கொண்டார். அந்தப் பளிச்சு தினமும் ஒரு சாண் ஏறியது.

"நீங்க துடைக்கிறீங்கன்னுல்ல நினைச்சேன்!" என்று அவள் சொன்ன அன்று, விளிம்புக்கு ஒரு சாண்தான் பாக்கி. துடைத்த தடம் உள்பக்கத்தில் இருந்தது.

"நாளைக்கு விளிம்புக்கே வந்துடும்ங்க."

"என்ன வரும்?"

"ஊரெல்லாம் அளந்தவர் நீங்கதானே, நீங்களே சொல்லுங்க."

அன்றிரவு தொட்டியின் மூடிமேல் தன் 'சிறந்த நிர்வாகி' கேடயங்கள் பன்னிரண்டையும் பாரமாக அடுக்கினார். அவற்றுக்கு முதல்முறையாக ஓர் உபயோகம் வந்தது.

காலையில் கண்ணாடி முழுக்கச் சுத்தம். மூடி மூடியபடியே இருந்தது. கேடயங்கள் பன்னிரண்டும் தரையில், தூசி துடைத்து, வரிசையாக உப்புப் பூத்து நின்றன.

இருவரும் படுக்கையறைக்கு ஓடிவந்து கதவைத் தாழிட்டார்கள். கதவின் உள்பக்கத்தில், அடியிலிருந்து ஒரு சாண் மட்டும் பளிச்சென்றிருந்தது.