பேர்வெட்டு

"கம்ப்யூட்டர் அறையத் தெறந்து விடுங்க, சார்."

பெரிய கிளாக்கர் ஞானரட்ணம் நிமிர்ந்தார். சேறு அப்பிய செருப்போடு ஒரு பெண் முன்வாசல் வழியாகவே வந்து மேசைமுன் நின்றாள். தலவாக்கலைத் தேயிலைத் தோட்ட ஆபீசில் தோட்டத்து ஆட்கள் பின்பக்கச் சன்னலில் நின்று 'ஐயா' என்று கூப்பிடுவதுதான் வழக்கம்.

"நீ செபமாலை மகதானே? கேம்பஸ் போயிட்டு வந்தா வாசல் மாறிருமா? ஆத்தா சொல்லித் தரலியா?"

"ஆபீசுல எதையும் தெறக்கச் சொல்லிக் கேட்டுறாதன்னு சொல்லித்தான் வளத்துச்சு. இப்ப கேக்குறேன். எங்கம்மா பேரை வேலைப் பட்டியல்ல இருந்து வெட்டப் போறீங்களாமே?"

"ஒங்கம்மா பேரு மட்டுமா? ஸ்ட்ரைக்குல முன்னால நின்ன நாப்பத்திரெண்டு பேரு. பேரு போனா குடியிருக்குற லயத்துக் காம்பராவும் போகும். மூட்டையக் கட்டச் சொல்லு."

"இன்னும் வெட்டலியே?"

அங்கேதான் அவருக்குச் சுருக்கென்றது. மூன்று நாளாக அந்தப் புது மெஷினோடு மல்லுக்கட்டுகிறார். பேரை அழிக்கச் சொன்னால், 'செல்லாத கட்டளை' என்று திரையில் விழுகிறது. வேறு பைலுக்குத் தள்ளிப் பார்த்தார், அதே பதில். பைலையே அழிக்கப் போனார். 'வேலையில் உள்ளவர் பேரை நீக்க முடியாது' என்று கீச்சிட்டது.

"மெஷின் கோளாறு. கொழும்புல இருந்து இன்ஜினியர் வாராங்க, டோரீன் மிஸ். அதுக்குச் சட்டதிட்டம் எழுதுனதே அவங்கதான். பேரைப் பாத்தாலே தெரியுது, பறங்கிப் பொண்ணு. வந்து ரெண்டு தட்டு தட்டுனா நாப்பத்திரெண்டும் காலி!"

மேசையில் பூப்போட்ட கோப்பையில் தேநீரும் ஒரு துண்டு கேக்கும் தயாராக இருந்தன.

ரயிலடிக்குப் போயிருந்த ஜீப் வெளியே வந்து நின்றது. டிரைவர் அலோசியஸ் தனியாக உள்ளே வந்தான்.

"கோச்சி வந்து போயிருச்சு சார். வெள்ளையா ஒரு மிஸ்ஸும் எறங்கல."

"நல்லாப் பாத்தியா?"

"பொட்டி பொட்டியா எட்டிப் பாத்தேன் சார். எறங்குனது பூராவும் நம்ம சனந்தான்."

அவள் சிரித்துவிட்டாள். நிதானமாகக் கோப்பையை எடுத்து வாயில் வைத்தாள்.

"ஏய்! அது டோரீன் மிஸ்ஸுக்கு!"

"ஆறிப்போகுதே சார்."

கோப்பையைக் காலி செய்து கவிழ்த்து வைத்தாள். மேசையில் கிடந்த வருகைப் புத்தகத்தை இழுத்து, பேனாவை அழுத்தி இரண்டு வரி எழுதினாள்.

"அறையத் தெறக்க வேணாம். கோளாறு எதுலன்னு தெரிஞ்சிருச்சு. எதையும் மாத்தப் போறதில்ல."

வந்த முன்வாசல் வழியாகவே அவள் திரும்பிப் பாராமல் இறங்கிப் போனாள்.

"திமிரப் பாத்தியா!" என்று முனகியபடி ஞானரட்ணம் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

'மெஷின் சரியாகவே வேலை செய்கிறது. நாற்பத்திரண்டு பேரும் இருப்பார்கள். - செ. டோரீன், இன்ஜினியர், கொழும்பு.'